பாங்காங்கா, சோ மொரிரியா: பறவை பார்க்க எது?

லடாக்கில் ஒரு ஏரிக்குத்தான் நேரம் என்றால்:

உயரம்: பாங்காங் சுமார் 4,250 மீட்டர், சோ மொரிரி 4,500-ஐத் தாண்டும். எதுவானாலும் உடல் உயரத்துக்குப் பழக, முதல் இரண்டு நாள் லடாக்கின் முக்கிய நகரான லேயில் ஓய்வு கட்டாயம்.

பயணம்: லேயிலிருந்து பாங்காங் ஐந்தாறு மணி நேரம், சோ மொரிரி ஏழெட்டு.

கரை: பாங்காங்கில் பெரும்பாலும் சரளை, மணல். சோ மொரிரியில் ஓடைகள் கலக்குமிடத்தில் கோரைச் சதுப்பு. பறவைகளுக்கு இரையும் மறைவும் அங்கேதான்.

பறவை: பாங்காங்கில் பழுப்புத்தலைக் கடற்காகம், பிராமினி வாத்து. சோ மொரிரியில் இவற்றோடு வரித்தலை வாத்தும் கோடையில் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் நம் நெல்லை மாவட்டக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிற அதே இனம். சுற்றுப்புறச் சதுப்பில் கருங்கழுத்துப் பெருங்கொக்கு, வழியில் கியாங் காட்டுக்கழுதை.

நீல நீர் போதுமென்றால் பாங்காங். உயிரினங்களுக்காகவே போகிறவர்கள் ஜூன், ஜூலையில் சோ மொரிரிக்கே போங்கள், இருநோக்கியோடு. சதுப்புக்குள் வண்டியை இறக்கவே கூடாது: கூடுகள் தரையில் இருக்கும், நசுங்கிவிடும்.