பெரிய அரங்கா, சின்ன ஊரா? ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்கு ஒரு பொருளாளரின் கணக்கு

மகள் ஸ்கேட்டிங் பழகுகிறாள், அப்பாவுக்குக் கணக்கு வேலை. இந்த இரண்டு தகுதியையும் வைத்து எங்கள் கழகத்தில் என்னைப் பொருளாளராகப் பிடித்துப் போட்டார்கள். அந்த வருடமே மாகாண மட்டப் போட்டி ஒன்றை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. ரொறன்ரோவை ஒட்டி, ஒரே கூரையின் கீழ் நாலு ஐஸ் தளங்கள் உள்ள பெரிய வளாகம் ஒரு பக்கம். இரண்டு மணி நேரம் தள்ளி, எங்கள் நடுத்தர ஊரில் நகரசபையின் அரங்கும் அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய பயிற்சித் தளமும் மறு பக்கம். முதல் வருடம் பெரிய வளாகத்துக்குக் கை தூக்கினேன். அடுத்த வருடம் சின்ன ஊருக்கு. இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் சின்ன ஊர்ப் பக்கம். சர்வதேசப் போட்டிகளுக்கும் பெரும்பாலும் அதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒரு நாடு மட்டும் விலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். பெரிய நகரம் என்றால் நேரடி விமானம், வேண்டிய அளவு ஹோட்டல், வேண்டிய அளவு இருக்கைகள். மொன்றியல் பெல் சென்ரரில் 21,000 பேர் இருக்கலாம். பொஸ்ரன் ரிடி கார்டனில் ரயிலை விட்டு இறங்கினால் அரங்கே தலைக்கு மேல். சின்ன ஊரில் வாடகை குறைவு, வாகனத் தரிப்பிடம் தாராளம், ஆனால் வெளிநாட்டு ரசிகர் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கி, பெட்டியோடு 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

காசு எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் மற்றதைக் கதைப்பதில் பயனில்லை. உலகப் போட்டியை ஒரு நகரம் நேரே போய்க் கேட்க முடியாது. லோசானில் இருக்கும் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்திடம் (1892-இல் தொடங்கியது, இருக்கிற பழைய விளையாட்டுச் சங்கங்களில் ஒன்று) நாட்டுச் சங்கம்தான் விண்ணப்பிக்கும். நகரம் அதற்கு முன்பே நாட்டுச் சங்கத்தின் மனதைப் பிடித்திருக்க வேண்டும். போட்டி கிடைத்தபின் தொலைக்காட்சி உரிமையும் தளத்தைச் சுற்றியுள்ள விளம்பரப் பலகைகளும் சர்வதேசச் சங்கத்தின் பக்கம் நிற்கும். நடத்துகிறவர்கள் கைக்கு வருவது சங்கம் தரும் பங்கு, டிக்கெட் காசு, உள்ளூர் ஆதரவாளர்கள், அப்புறம் அரசுக் காசு. போட்டியாளர்களும் நடுவர்களும் தங்குவதும் சாப்பிடுவதும் செலவுப் பக்கம். போட்டி கனடாவில் நடந்தாலும் பிரான்சில் நடந்தாலும் திரையில் தெரியும் பலகைகளில் ஜப்பானிய நிறுவனங்களின் பெயர்கள் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காசு நேரே நம் ஊர்ப் பெட்டிக்கு வருவதில்லை.

கனடாவில் மத்திய அரசு உதவும், ஆனால் அளவு வைத்துத்தான் உதவும். சர்வதேசப் போட்டிகளுக்கான அரசுக் கொள்கையின்படி மத்திய பங்கு மொத்தச் செலவில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எல்லா அரசுகளும் சேர்ந்து போடும் காசில் பாதியையும் தாண்டக் கூடாது. மாகாணமும் நகரசபையும் தங்கள் காசை மேசையில் வைக்காமல் ஒட்டாவா வராது என்று அர்த்தம். அந்த உள்ளூர்க் காசை எங்கே தேடுவது என்ற இடத்தில்தான் பெரிய ஊரும் சின்ன ஊரும் பிரிகின்றன என்று முதல் வருடம் நினைத்தேன். தவறு. அவை பிரியும் இடம் நாள்.

நாள் என்றால் அரங்கின் நாள். உலகப் போட்டி ஐந்தாறு நாள் ஓடும். அதற்கு முன் பயிற்சி நாட்கள். அதற்கும் முன் ஹொக்கிக் கோடுகளை அகற்றி, வெள்ளை பூசி, ஐஸை மாற்ற வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும். ஒன்றரைக் கிழமைக்கு அந்தக் கட்டடம் வேறு எதற்கும் உதவாது. அதுவும் மார்ச் மாதத்தில், ஹொக்கிப் பருவம் உச்சத்தில் நிற்கும்போது. 2024 மார்ச்சில் மொன்றியலில் உலகப் போட்டி நடந்த கிழமை, அந்த அரங்கில் ஆடும் ஹொக்கி அணியான கனடியன்ஸ் எட்மன்ரன், வான்கூவர், சியாற்றில் என்று மேற்கே ஆடிக்கொண்டு திரிந்தது. 2025-இல் பொஸ்ரனில் இன்னும் சிக்கல். அங்கே புரூயின்ஸ் ஹொக்கி அணிக்கும் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணிக்கும் ஒரே வீடு. ஒவ்வொன்றுக்கும் பருவத்தில் 41 உள்ளூர் ஆட்டங்கள், மொத்தம் 82 இரவுகள். இடையில் கச்சேரிகள் வேறு. அந்த மார்ச் கடைசியில் இரண்டு அணிகளையும் ஒன்றாக வெளியூர் அனுப்பித்தான் ஸ்கேட்டர்களுக்கு இடம் கிடைத்தது. அட்டவணை போடுகிறவருக்கு வந்திருக்கும் தலையிடியை நினைத்துப் பாருங்கள்.

இந்த நாட்களுக்கு ஒரு விலை இருக்கிறது, அது வாடகைப் பற்றுச்சீட்டில் தெரியாது. அரங்கின் சொந்தக்காரர் அந்த இரவுகளில் வேறு எதை விற்றிருப்பார் என்பதுதான் அந்த விலை. 18,000 பேர் வரும் கச்சேரியை விட்டுவிட்டு, புதன்கிழமை பகல் ஜோடிகளின் குறும்பிரிவுக்கு (முதல் சுற்றுக்கு) கதவு திறக்க வேண்டும். பெரிய நகரத்தில் அந்த இழப்பை யாராவது ஈடு செய்தே ஆக வேண்டும். டிக்கெட் விலையில் ஏற்றுவார்கள், அல்லது அரசிடம் கேட்பார்கள்.

முதல் வருடம் எனக்கு இது விளங்கிய விதத்தைச் சொல்கிறேன். நாங்கள் எடுத்த பெரிய வளாகத்தில் ஒப்பந்தம் காலை ஆறு தொடக்கம் இரவு ஒன்பது வரை. ஒன்பதரைக்கு ஹொக்கி ஆட வளர்ந்த ஆண்கள் வருவார்கள். அவர்களுடைய பதிவு பத்து வருடப் பழையது, நகர மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். ஆனால் ஹொக்கிக்கு ஐஸ் இறுக்கமாக இருக்க வேண்டும், சுழியத்துக்குக் கீழே ஐந்து ஆறு பாகை வரை இறக்குவார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குச் சுழியத்துக்குக் கீழே மூன்றரை பாகை போதும். மேற்பரப்பு கொஞ்சம் இளகி இருந்தால்தான் சப்பாத்துக் கத்தியின் விளிம்பு பிடிக்கும், கத்தி முனையிலுள்ள முன்பல் குத்தினால் இறங்கும். இரவு இறுக்கின ஐஸ் விடிய ஆறு மணிக்கு இளகிவிடுமா? முதல் குழுப் பிள்ளைகள் பயிற்சிக்கு இறங்கியபோது கரையில் நின்ற எனக்கே சத்தம் கேட்டது. வழக்கமான அந்த மெல்லிய கீறல் இல்லை, சோக்குக் கட்டியை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். முன்பல் குத்தின இடமெல்லாம் சில்லுச் சில்லாய்ப் பெயர்ந்து கிடந்தது. மகள் வேலியோரம் வந்து, “அப்பா, கண்ணாடியில நடக்கிற மாதிரி இருக்கு” என்றாள். அன்று காலை விழாத பிள்ளை இல்லை.

அடுத்த வருடம் எங்கள் ஊரில் மூன்று நாளும் அரங்கு எங்களுக்கு மட்டும். நகரசபை இளையோர் ஹொக்கியைப் பக்கத்துத் தளத்துக்கு மாற்றிவிட்டது. ஐஸ் பார்க்கிற மனிதர் வியாழன் இரவே வந்து, துளையிட்டு ஆழம் பார்த்து, பாகையைக் குறித்துக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். எனக்கு அந்தத் துண்டுக் கடதாசி போதும், வேறு விளம்பரம் தேவையில்லை. எங்கள் கழகத்தில் இன்னொரு தாய், போட்டியை ஊருக்குக் கொண்டுவர வேண்டாம் என்று முதலில் நின்றவர், ஞாயிறு பின்னேரம் தேநீர்க் கோப்பையோடு வந்து, “அண்ணை, இந்தமுறை ஒருத்தரும் ஐஸைக் குறை சொல்லேல்லை, பார்த்தீங்களா?” என்றார். பார்த்தேன்.

இதே கணக்கை உலக மட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஒன்ராறியோவின் லண்டன் இருக்கிறது. 2013 உலகப் போட்டி அங்கேதான். அரங்கில் 9,000 சொச்சம் இருக்கைகள், அப்போது பட்வைசர் கார்டன்ஸ், இப்போது கனடா லைஃப் பிளேஸ். அங்கு குடியிருக்கும் அணி லண்டன் நைற்ஸ், இளையோர் லீக், பருவத்துக்கு 34 உள்ளூர் ஆட்டம். பொஸ்ரனின் 82-உடன் ஒப்பிட்டால் நாள் எடுப்பது எவ்வளவு இலகு என்று விளங்கும். அந்த முறை கொரிய வீராங்கனை யுனா கிம் வென்றபோது உள்ளூர்ப் பாடகர் குழுப் பெண்கள் மேடையருகே நின்று கொரிய தேசிய கீதத்தைக் கொரிய மொழியிலேயே பாடினார்கள். ஒலிநாடாவைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு புது மொழியைப் பழக்கியிருக்கிறார்கள். தங்கள் ஊருக்கு இது வாழ்நாளில் ஒருமுறை வருகிற விஷயம் என்று நினைத்தால்தான் அப்படிச் செய்யத் தோன்றும்.

ஹோட்டல் வரியையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒன்ராறியோவில் 2017 கடைசியிலிருந்து நகரசபைகள் அறை வாடகைக்கு வரி போடலாம். பல ஊர்களில் 4 சதவீதத்தில் தொடங்கினார்கள். அதில் பாதியையாவது சுற்றுலா வளர்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். பெரிய நகர ஹோட்டலில் ஸ்கேட்டிங் ரசிகர் வராவிட்டால் வேறு யாரோ அந்த அறையை எடுத்திருப்பார், வரி எப்படியும் வந்திருக்கும். எங்கள் ஊரில் மார்ச் மாதத்து அறை சும்மா கிடக்கும். ஒரு அறை நிறைந்தால் அது முழுக்கப் புதுக் காசு. பொருளாதாரப் பலன் அறிக்கைகளில் கொட்டை எழுத்தில் வருகிற கோடிகளை நான் நம்புவதில்லை. நிறைந்த அறையை மட்டும் எண்ணுவேன்.

உலகப் போட்டியை விடுங்கள், வருடா வருடம் நாடு நாடாய் நடக்கும் கிராண்ட் பிரீ தொடர் ஏற்கெனவே சின்ன ஊர்களின் தோளில்தான் ஓடுகிறது. கனடாவில் லெத்பிரிட்ஜ், கெலோனா, ரெஜைனா, சஸ்காட்டூன் என்று ஊர் ஊராய்ப் போகும். பிரெஞ்சுப் போட்டி சில வருடங்களாக ஆஞ்சே நகரில், நாலாயிரம் இருக்கைகூட இல்லாத ஐஸ் அரங்கில் நடக்கிறது. 2022-இல் ரஷ்யப் போட்டி உக்ரைன் போரால் பறிபோனது, சீனப் போட்டி கோவிட்டால் நின்றது. அப்போது கை கொடுத்தவை பின்லாந்தின் எஸ்போவும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும். சில மாத அவகாசத்தில் ஐஸைச் சும்மா வைத்திருக்கும் ஊர்தான் ‘சரி, வாருங்கள்’ என்று சொல்ல முடியும். இந்த இடத்தில் மறுதரப்பு மொஸ்கோவைக் காட்டும். 2011-இல் ஜப்பான் நிலநடுக்கத்தால் ரோக்கியோவில் நடக்க முடியாமல்போன உலகப் போட்டியை ஒரு மாத அவகாசத்தில் நடத்திக் காட்டியது அந்தப் பெரிய நகரம்தானே? உண்மை. ஆனால் அது ஹொக்கி அணிகளோடு பேரம் பேசி எடுத்த நாளில்லை, அரசு ஒன்று முடிவெடுத்துத் தந்த நாள். கனடாவில் ஒரு நகரசபைக் கூட்டத்துக்கு மனுப் போடவே அதைவிட அதிக காலம் போகும்.

நான் சொன்ன விலக்கு ஜப்பான். சைட்டாமா சூப்பர் அரீனாவில் 2014, 2019, 2023 என்று மூன்று முறை உலகப் போட்டி நடந்திருக்கிறது. பிரமாண்டமான கட்டடம், உள்ளே இருக்கைப் பகுதி ஒன்று அப்படியே நகர்ந்து இடத்தைச் சுருக்கும், விரிக்கும். அது அரசின் சொத்து, உள்ளே குடியிருக்கும் ஹொக்கி அணி எதுவும் இல்லை. ஐஸையே அந்தப் போட்டிக்கென்று போட்டு எடுப்பார்கள். நாள் சிக்கல் தீர்ந்தது. ஆட்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களுடைய ஸ்கேட்டிங் நட்சத்திரம் யுசுரு ஹன்யூ 2023-இல் தனி ஆளாக ரோக்கியோ டோமில் நிகழ்ச்சி வைத்தபோது 35,000 பேர் வந்தார்கள். அங்கே தொலைக்காட்சி நிறுவனங்களே போட்டியைத் தூக்கிப் பிடிக்கின்றன. என்எச்கே என்ற பொது ஒளிபரப்பு நிறுவனம் தன் பெயரிலேயே 1979 முதல் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறது. நான் ஜப்பான் போனதில்லை, திரையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். புதன்கிழமை பகலிலும் மேல் வரிசை வரை தலைகள் தெரிந்தால் பெரிய அரங்குக்கு எதிரான என் வாதத்தில் பாதி செத்துவிடும். நாங்கள் ஜப்பான் இல்லை என்பதுதான் மீதிப் பாதி.

எனக்குத் தடுமாற்றமுள்ள இடம் ஒன்றையும் மறைக்கவில்லை. மொன்றியலில் டியானா ஸ்டெலாட்டோ-டூடெக் நாற்பது வயதில் தன் ஜோடியோடு தங்கம் வென்ற இரவில் எழுந்த கூச்சல் 9,000 பேரிடமிருந்து வராது. அந்த ஒரு இரவுக்கு மட்டும் பெரிய அரங்கு வேண்டும் என்று தோன்றும். ஆனால் என் கைக்கு வருவது அந்த இரவின் டிக்கெட் மட்டுமல்ல, கிழமை முழுவதற்குமான வாடகையும்தான். எவ்வளவு சின்ன ஊர் என்றால் தாங்காது என்பதற்கும் என்னிடம் தெளிவான எல்லைக்கோடு கிடையாது. இரண்டாவது தளம் பத்து நிமிட ஓட்டத்துக்குள் இல்லாத ஊர் என்றால் வேண்டாம் என்பேன். பிள்ளைகள் பேருந்திலேயே சோர்ந்துபோவார்கள்.

2027 உலகப் போட்டி பின்லாந்தின் தம்பெரேக்குப் போயிருக்கிறது. லண்டனைவிடச் சின்ன ஊர், புது அரங்கு. ஆனால் அங்கே ஒன்றுக்கு இரண்டு ஹொக்கி அணிகள், தப்பாராவும் இல்வெஸும், ஒரே கட்டடத்தில். மார்ச்சில் அவர்களுடைய இறுதிச் சுற்றுகள் நெருங்கும் நேரம். யாரை எங்கே அனுப்புகிறார்கள் என்று பார்க்க நான் இப்போதே அட்டவணையைத் தேடத் தொடங்கிவிட்டேன்.