'காத்திருப்புக் கட்டணம் இல்லை': ஒரு லொறிச் சேவை பற்றிய மதிப்பீடு

மாங்குளத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் விவசாயிகள் சங்கம், இந்த ஆண்டுக் காலபோகத்தில் விளைந்த மொட்டைக்கறுப்பன் நெல்லை அவித்துக் குற்றி, 50 கிலோ வீதம் 200 மூடைகளாகக் கட்டி, கொழும்புப் புறநகரிலுள்ள ஒரு மொத்தக் களஞ்சியத்துக்கு அனுப்பியது. ஏற்றிச் சென்றது வவுனியாவிலிருந்து இயங்கும் ஒரு தனியார் லொறிச் சேவை. இதே முறையில் இயங்கும் சேவைகள் பல இருப்பதாலும், நான் சொல்லப்போகும் குறை ஒன்றுக்கு மட்டும் உரியதன்று என்பதாலும் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நிறுவையின்போது சங்கத்தின் சார்பில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று வாங்குபவர் கேட்டிருந்தபடியால், சாரதிக்கும் உதவியாளருக்கும் பக்கத்தில் அமர்ந்து போகவர நானும் அதே லொறியில் பயணம் செய்தேன். அப்படிப் போயிராவிட்டால் இந்த மதிப்பீட்டை நான் வேறு விதமாகத்தான் எழுதியிருப்பேன்.

பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்த விதத்தில் குறை கூற எதுவும் இல்லை. குருநாகலுக்கு அண்மையில் பெரு மழை பிடித்தும் ஒரு மூடைகூட நனையவில்லை. படங்கை இரண்டு மடிப்பாக விரித்து, நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இங்கே நிறுத்த நிறைக்கும் அங்கே நிறுத்த நிறைக்கும் வித்தியாசம் இல்லை. சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு லொறி வந்தது. சாரதி பண்பானவர். ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில் ஓரிடத்திலாவது அவர் அவசரப்பட்டு முந்தியதை நான் காணவில்லை.

இந்தச் சேவையை நாங்கள் தெரிவு செய்ததற்குக் காரணம் அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலின் கடைசி வரி. 'காத்திருப்புக் கட்டணம் இல்லை' என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. இன்னொரு சேவை, முதல் மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு மணித்தியாலக் கணக்கில் பணம் கேட்டது. சங்கக் கூட்டத்தில் அதை ஒருமனதாக மறுத்தோம். மறுத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் லாபம் மூடைக்குச் சில ரூபாய்களில் தங்கியிருப்பதால், தெரியாத ஒரு செலவுக்குக் கதவைத் திறந்துவிட எவருக்கும் மனம் வரவில்லை.

முதற் காத்திருப்பு எங்கள் முற்றத்திலேயே நடந்தது. காலை 9 மணிக்கு வரச் சொன்னோம், வந்தார்கள். ஆனால் மூடைகளில் பாதிக்கு மேல் வாய் தைக்கப்படாமல் கிடந்தன. தையல் இயந்திரம் ஒன்றுதான், அதை இயக்கத் தெரிந்தவரும் ஒருவர்தான். ஏற்றி முடித்து லொறி புறப்பட்டபோது பிற்பகல் 2.45. சாரதியும் உதவியாளரும் பாலை மர நிழலில் இருந்த அந்த ஐந்தே முக்கால் மணித்தியாலம் பற்றி எங்களில் எவரும் ஒரு சொல் பேசவில்லை. மத்தியானம் அவர்களுக்குச் சோறு கொடுத்தோம் என்பதுடன் எங்கள் கடமை முடிந்துவிட்டதாக எண்ணினோம்.

மதவாச்சி, அநுராதபுரம், பாதெனிய, குருநாகல் என்று வழக்கமான பாதையில் சென்று, இரவு 1.20 மணிக்குக் களஞ்சிய வாசலை அடைந்தோம். வீதியோரமாக ஏற்கெனவே பதினொரு லொறிகள் நின்றன. காலை 7.30 மணிக்குக் கேற் திறந்தபோது எங்களுக்குக் கிடைத்த ரோக்கன் 14. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது வரிசை ஒரு லொறி நீளத்துக்கு நகரும். நகரும்போது சாரதி ஆசனத்தில் இல்லையென்றால் பின்னால் நிற்பவர் உள்ளே புகுந்துவிடுவார். ஆகவே நள்ளிரவு தாண்டும்வரை ஓடிவந்த ஒருவர், பகல் முழுவதும் நித்திரை கொள்ளவும் முடியாமல், லொறியை விட்டு விலகவும் முடியாமல், ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தபடி இருந்தார். உதவியாளர் பையன் சாக்கை விரித்து லொறிக்குக் கீழே படுத்தான். நகரும் ஒவ்வொரு முறையும் எழுப்பப்பட்டான்.

களஞ்சியத்தில் மலசலகூடம் உண்டு. அது ஊழியர்களுக்கு மட்டும் என்று காவலாளி சொன்னார். சாரதிகள் முந்நூறு மீற்றர் தள்ளியுள்ள சாப்பாட்டுக் கடையில் ஏதாவது வாங்கிவிட்டு அங்கே போகவேண்டும். குடிநீர்க் குழாய் கேற்றுக்கு உள்ளே இருந்தது, வரிசை கேற்றுக்கு வெளியே இருந்தது. நிறுவை 11.50 மணிக்கு முடிந்தது. அதன்பின் மூடை இறக்கும் நாட்டாமைமார் வேறொரு கொள்கலனை இறக்கப் போய்விட்டதால், எங்கள் மூடைகளில் கை வைக்கும்போது மாலை 4.10. இறக்கி முடித்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வெளியே வந்தபோது 6.10 ஆகிவிட்டது.

நான் கைத்தொலைபேசியில் குறித்து வைத்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தேன். கொழும்பு போய்ச் சேர, வழியில் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் நின்றது உட்பட, பத்தரை மணித்தியாலம் ஆனது. எங்கள் முற்றத்திலும் களஞ்சிய வாசலிலுமாக நின்றது 22 மணித்தியாலம் 35 நிமிடம். ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நின்றிருக்கிறார்கள்.

"இந்த நிண்ட நேரத்துக்கு என்ன தம்பி தருவினம்?" என்று சாரதியிடம் கேட்டேன்.

"ஐயா, எங்களுக்கு நடைக் கணக்கு. ஓடினால்தான் காசு, நிண்டால் இல்லை," என்றார்.

போகவர ஒரு நடைக்கு அவருக்கு 7,000 ரூபா, உதவியாளருக்கு 3,500 ரூபா. சாப்பாட்டுக்கு இருவருக்கும் சேர்த்து 1,000 ரூபா. ஒரு நாளில் திரும்பினாலும் மூன்று நாளில் திரும்பினாலும் அதே தொகைதான். வாசலில் நாள் முழுவதும் நிற்காவிட்டால் கிழமைக்கு மூன்று நடை ஓடலாம், இப்போது இரண்டுதான் முடிகிறது என்றார். ஓடமுடியாமற் போகும் அந்த மூன்றாவது நடையின் 7,000 ரூபாதான் எங்கள் விலைப்பட்டியலின் கடைசி வரிக்கு ஒவ்வொரு கிழமையும் கொடுக்கப்படும் விலை. காத்திருப்புக்குக் கட்டணம் இருந்திருக்கிறது. அது எங்களிடம் கேட்கப்படாமல் சாரதியின் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது.

இது வன்னிக்கோ இலங்கைக்கோ மட்டும் உரிய வழக்கம் இல்லை. என் மருமகன் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு எல்லை தாண்டி லொறி ஓட்டுகிறார். அவருக்கும் மைல் கணக்கில்தான் சம்பளம். அங்கே ஏற்றவும் இறக்கவும் முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம் என்பது நெடுநாள் வழக்கம், அதற்கு மேல் வசூலிக்கப்படும் தொகையும் எல்லா நிறுவனங்களிலும் சாரதியின் கைக்கு வந்து சேர்வதில்லை. அமெரிக்க விதிப்படி ஒருவர் வேலை தொடங்கிய 14 மணித்தியாலத்துக்குள் 11 மணித்தியாலம் மட்டுமே ஓட்டலாம், வாசலில் நிற்கும் நேரமும் அந்த 14 இலிருந்தே கழியும். அதை மின்னணுக் கருவி பதிவு செய்வதால் மறைக்கவும் முடியாது. அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, ஏற்றி இறக்கும் இடத்தில் நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் எதிர்பார்க்கத்தக்க விபத்து வீதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்று கணித்தது. பதினைந்து நிமிடத்துக்கே அப்படியென்றால், எங்கள் லொறி திரும்பி வந்த இரவைப் பற்றி என்ன சொல்வது?

அந்த இரவைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த நாள் காலை 8 மணிக்கு வவுனியாவில் எங்கள் சாரதிக்கு வேறொரு ஏற்றம் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே 6.30 மணிக்கே வெறும் லொறியுடன் புறப்பட்டோம். ரம்பேவயைத் தாண்டி மதவாச்சிக்கு முன்பாக, இரவு இரண்டரை மணியளவில், வீதியின் நடுவே கட்டாக்காலி மாடுகள் நான்கைந்து படுத்திருந்தன. வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்த பின்னரும் லொறியின் வேகம் குறையவில்லை. நான் சத்தமிட்டேன். ஒரு மாட்டின் முதுகுக்கு ஒரு முழம் முன்னால் லொறி நின்றது. அவர் கண்களைத் திறந்துகொண்டே நித்திரை கொண்டிருக்கிறார். இறங்கி, போத்தல் தண்ணீரில் முகத்தைக் கழுவி, வீதிக் கரையில் நாற்பது நிமிடம் இருந்துவிட்டுத்தான் மறுபடி ஏறினார். "வீட்டில ரெண்டு பிள்ளையள் ஐயா," என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. பையன் இதொன்றும் தெரியாமல் பின்னால் நித்திரையில் இருந்தான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979 இல் ஏற்றுக்கொண்ட 153 ஆம் இலக்கச் சமவாயம், இடைவேளை இன்றித் தொடர்ந்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல் சாரதி ஓட்டக்கூடாது, நாளொன்றுக்கு ஓட்டும் நேரம் ஒன்பது மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்ற அளவுகளை வைத்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சாரதி தன் நேரத்தைத் தன் விருப்பப்படி கழிக்க இயலாமல் வாகனத்தில் காத்திருக்கும் பொழுதையும் வேலை நேரமாகக் கொள்ளலாம் என்று அது கூறுவது. எந்த அளவுக்கு என்பதை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கலாம். நம் நாட்டில் 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கெனச் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் நிர்ணயிக்கும் தனியான சபை உண்டு. நடைக் கணக்கில் கூலி பெறுபவராயினும், ஒருவரிடம் வேலை செய்யும் சாரதிக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்தியாக வேண்டும். ஆறு ஆண்டுகளாக இதே சேவையில் ஓடும் இவருக்குச் சேமலாப நிதி இலக்கமே இல்லை. நின்ற மணித்தியாலங்கள் எந்தத் தாளிலும் எழுதப்படாதவரை, மேலதிக நேரத்தைப் பற்றி அவர் எவரிடம் போய் எதைக் காட்டிக் கேட்பார்?

வன்னியில் இருக்கும் எங்களுக்கு இது விளங்காத விடயமும் இல்லை. ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்ட பின்னர், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொருள்களை இறக்கிச் சோதித்து மீண்டும் ஏற்றும்வரை லொறிகள் நின்ற காலத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். 2022 இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் கிடந்தவர்கள் எங்கள் உறவினர்கள். நிற்பதும் உடலை வருத்தும் வேலைதான் என்று எங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை, ஆயினும் கூட்டத்தில் கை உயர்த்தியபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஊர் திரும்பியதும் சேவையின் முகாமையாளருடன் பேசினேன். வாசலில் நிற்கும் நேரம் தங்கள் கையில் இல்லை, களஞ்சியக்காரரிடம் கேட்டால் அடுத்த ஏற்றத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். அதில் உண்மை உண்டு. களஞ்சியம் நினைத்தால் ரோக்கனை முன்கூட்டியே தொலைபேசியில் கொடுக்கலாம். கேற்றுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு மலசலகூடமும் அமைப்பதும் பெரிய செலவு ஆகாது. ஆனால் சாரதியின் கூலியையும் அடுத்த ஏற்றத்தின் நேரத்தையும் தீர்மானிப்பது சேவைதான். பதினேழு மணித்தியாலம் வரிசையில் நின்ற ஒருவருக்கு மறுநாட் காலை 8 மணிக்கு ஏற்றம் குறிப்பதற்குக் களஞ்சியத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது.

பொருட் பாதுகாப்புக்கும் நேரந்தவறாமைக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். சாரதிகளை நடத்தும் முறைக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் ஒப்பவில்லை. மூடைகளை முதல் நாளே தைத்து முடிக்காமல் லொறியை அழைப்பதில்லை என்று சங்கத்தில் தீர்மானித்திருக்கிறோம், இரண்டாவது தையல் இயந்திரத்துக்கும் பணம் ஒதுக்கியாயிற்று. சிறுபோக அறுவடைக்கு இதே சேவையை மீண்டும் அழைக்க ஆயத்தமாக உள்ளோம். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் நிபந்தனை, விலைப்பட்டியலின் கடைசி வரியை நீக்கிவிட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட காத்திருப்புக்கு எங்களிடமே பணம் வாங்கி, அதைச் சாரதிக்கும் உதவியாளருக்கும் அவர்கள் கையெழுத்துடன் கொடுக்க வேண்டும் என்பது. யோசித்துச் சொல்வதாக முகாமையாளர் கூறியிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.