மழைக்காலத்தில் வற்றல் உலர்த்துதல்: ஹீட் பம்ப் உலர்த்தியுடன் நான்கு பருவங்கள்

காரைக்குடிக்கு அருகில் நாங்கள் நடத்தும் வற்றல், வடகத் தொழிலில் மாசி முதல் ஆவணி வரை பெரும்பாலும் வெயிலே வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மார்கழி நடு வரை மொட்டைமாடியில் பாய் விரிக்க முடியாது. அந்த இரண்டரை மாதத்துக்காகவே 2021-இல் நான்கு லட்சத்துக்குச் சற்று மேல் கொடுத்து ஒரு ஹீட் பம்ப் உலர்த்தியை வாங்கினேன்.

அதற்கு முன்பு மின்சுருள் ஹீட்டரும் ஊதுவிசிறியும் வைத்திருந்தோம். சுருள், வாங்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஈரக் காற்றை வெளியே தள்ளும்போது அந்த வெப்பமும் கூடவே போய்விடும். ஹீட் பம்ப், குளிர்பதனப் பெட்டியைப் போலவே இயங்குகிறது. அறையின் ஈரக் காற்றைக் குளிர்ந்த காயில் (உலோகக் குழாய்ச்சுருள்) மீது செலுத்தி நீரை வடித்துவிட்டு, நீராவி தண்ணீராகும்போது வெளிப்படும் வெப்பத்தை வீணாக்காமல் எடுத்து, அதே காற்றைச் சூடான காயில் வழியாக மறுபடி தட்டுகளுக்கு அனுப்புகிறது. 50 டிகிரியில் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 0.66 யூனிட் வெப்பம் வேண்டும் என்பதால், இந்த மீட்பு சிறிய விஷயமன்று.

இவ்வளவும் தெரிந்துதான் வாங்கினேன். ஆனாலும் முதல் பருவத்தில் மின்கட்டணம் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. மின்சுருள் காலத்தில் ஒரு லிட்டர் நீரை வெளியேற்ற 1.6 யூனிட் செலவானது, புதிய இயந்திரத்தில் 1.1 யூனிட் வரைதான் இறங்கியது. டிராலியை ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் எடை போட்டு, துணைமீட்டரைப் பார்த்து எழுதி வைத்த கணக்கு இது. விற்றவர்கள் இயந்திரம் சரியாக இருக்கிறது என்றார்கள். உண்மையில் இயந்திரம் சரியாகத்தான் இருந்தது, கட்டடத்தில்தான் கோளாறு.

எங்கள் கிட்டங்கி அப்பா கட்டியது: பதினாறு அடி உயரத் தகரக் கூரை, முகட்டில் காற்றுப்போக்கி, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு சாண் இடைவெளி. செட்டிநாட்டு வீட்டின் உயர்ந்த கூரையும் நடுமுற்றமும் எதற்காகவோ, இதுவும் அதற்காகவே, அதாவது வெப்பம் மேலெழுந்து ஓடிவிட வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது. வெப்பத்தைத் துரத்தக் கட்டிய இடத்தில் வெப்பத்தைப் பிடித்து வைக்க நான் காசு கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெப்பமானியைக் கம்பில் கட்டி உயர்த்திப் பார்த்தபோது கூரையடியில் 58 டிகிரி, கீழ்த்தட்டு உயரத்தில் 41. மேல்தட்டில் மோர் மிளகாய் கறுக்க, கீழ்த்தட்டில் கூழ் வடகம் பிசுபிசுவென்று கிடந்ததற்குக் காரணம் அன்றுதான் விளங்கியது.

இரண்டாம் பருவத்துக்கு முன் கிட்டங்கிக்குள்ளேயே எட்டடி உயரத்தில் வெப்பத்தைக் கடத்தாத நுரை நிரப்பிய 50 மில்லிமீட்டர் பஃப் பேனலால் தனி அறை அமைத்தோம். அதன் பிறகும் எங்கோ கசிந்தது. எங்களிடம் இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஆச்சி, பூஜை மாடத்திலிருந்து ஊதுபத்தியை எடுத்து வந்து கதவோரமாக மெல்ல நகர்த்தினார். நேராக எழுந்துகொண்டிருந்த புகை, கதவின் கீழ் மூலைக்கு வந்ததும் கோடாக வளைந்து வெளியே ஓடியது. “இங்கதான் தம்பி, ஒங்க கரண்டு பில்லு போகுது” என்றார். ரப்பர் கேஸ்கெட்டும் கதவடிப் பட்டையும் போட ஆயிரத்து எண்ணூறு ரூபாய்தான் ஆயிற்று. அந்தப் பருவம் முழுவதும் லிட்டருக்கு 0.6 யூனிட்டுக்குள் நின்றது. ஈரம் வடியும் குழாயின் கீழே வைத்த பிளாஸ்டிக் குடம் விடிவதற்குள் நிரம்பி வழிந்ததைப் பார்த்த பிறகுதான் ஆச்சிக்கும் இயந்திரத்தின்மேல் நம்பிக்கை வந்தது. இன்றும் அவர் திரையில் காட்டும் எண்ணைப் பார்ப்பதில்லை. ஒரு வடகத்தை எடுத்து ஒடித்து, சத்தம் கேட்ட பிறகே டிராலியை இறக்கச் சொல்வார்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மிளகாய்க்கு 55 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சீக்கிரம் முடிக்கலாமென்று 62 வைத்த ஒரு நடையில் அறுபது கிலோவும் நிறம் மங்கி, பாதி விலைக்குப் போயிற்று.

குறைகளும் உண்டு. அரிசி மாவுத் தூசி ஃபில்டரில் படிவதால் வாரம் இருமுறை கழுவியாக வேண்டும். கழுவாவிட்டால் காற்றோட்டம் குறைந்து குளிர்க்காயிலில் பனி கட்டிவிடுகிறது. மழைநேர மின்வெட்டுக்குப் பிறகு கம்ப்ரஸர் உடனே ஓடாமல் சில நிமிடம் காத்திருக்கும்; அது பாதுகாப்புக்காகத்தான் என்பது தெரியாமல் தொடக்கத்தில் பலமுறை பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தோம். 2023 தீபாவளி வாரத்தில் ஈரப்பத உணரி கெட்டபோது பழுது பார்க்க ஆள் வரப் பதினோரு நாளாயிற்று. அதுவரை பழைய சுருள் ஹீட்டரே கை கொடுத்தது. அதை இன்னும் விற்கவில்லை.

இப்போதைய கவலை உப்பு. மோரிலும் உப்பிலும் ஊறிய மிளகாயிலிருந்து வரும் காற்று, காயிலின் அலுமினியத் தகடுகளை அரித்து, ஓரங்களில் வெள்ளைப் பொடியாக உதிர்க்கிறது. அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள காயிலுக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறேன். அடுத்த ஐப்பசிக்கு முன் மாற்றிவிட வேண்டும்.