நீலத் தொப்பி போட்ட கீரிப்பாறைக்காரி: ஒரு நாவல், என் அபிப்பிராயம்

மார்த்தாண்டத்தில் ஒரு புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்தே இந்த நாவலை எடுத்தேன். நீலத் தொப்பி போட்ட ஒரு பெண், பின்னால் ரப்பர் மரங்கள். 'ராணுவ நாவல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது சரியில்லை. கதாநாயகி இருப்பது சி.ஆர்.பி.எப்.பில், அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் போலீஸ் படை. நம் ஊரில் எல்லாவற்றையும் 'மிலிட்டரி' என்றுதான் சொல்வோம், ஆனாலும் புத்தகம் போடுகிறவர்கள் கவனித்திருக்கலாம். என் அக்கா அந்தப் படையில் இருந்தவள் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் அவள். புருஷன் விட்டுப் போய்விட்டான். ஏழு வயசு மகனைத் தன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு 2014-இல் ஐ.நா. அமைதிப் பணிக்காக மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் லைபீரியா போகிறாள். கதை கற்பனை, பின்னணி நிஜம். 2007-இல் இந்தியா நூற்றுக்கும் மேற்பட்ட சி.ஆர்.பி.எப். பெண்களை அந்நாட்டுத் தலைநகர் மன்ரோவியாவுக்கு அனுப்பியது. ஐ.நா. பணிக்குப் போன முதல் பெண்கள் போலீஸ் பிரிவு அதுதான். 2016 வரை ஒரு குழு திரும்ப, அடுத்த குழு போனது. ஜனாதிபதி அலுவலகத்துக்குக் காவல், உள்ளூர் போலீசோடு இரவு ரோந்து என்று அவர்கள் பார்த்த வேலையை ஆசிரியர் நன்றாக விசாரித்து எழுதியிருக்கிறார்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அவள் போய் இறங்குகிற இடம். மன்ரோவியா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்பெல் இருக்கிறது. ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1926-இல் தொடங்கிய பெரிய ரப்பர் தோட்டம் அங்கேதான். வண்டி அந்த வழியாகப் போகும்போது கோடு கிழித்த மரங்களும் அவற்றில் தொங்கும் பால் கிண்ணங்களும் தெரிகின்றன. ரப்பர் ஷீட்டின் அந்தப் புளிச்ச வாடை மூக்கில் ஏறுகிறது. இந்த வாடையை விட்டுத் தப்பிக்கத்தானே படையில் சேர்ந்தேன் என்று நினைக்கிறாள். அப்புறம் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. கிழங்கு நமக்குப் பழக்கம். ஆனால் இலை விஷம், ஆடு கடித்துவிடுமோ என்று இங்கே பயந்து ஒதுக்குவோம். அங்கே இடித்து, நன்றாக வேகவைத்துக் குழம்பு வைக்கிறார்கள். ஒரு லைபீரியப் பெண் போலீஸ் வீட்டில் அந்தக் குழம்பைச் சாப்பிட்டபடி இரண்டு அம்மாக்களும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் அத்தியாயத்துக்காகவே புத்தகத்துக்குக் கொடுத்த காசு தகும்.

பிறகு எபோலா என்ற கொடிய தொற்றுநோய் வருகிறது. வாசலுக்கு வாசல் குளோரின் தண்ணீர் வாளி, காய்ச்சல் சோதனை, கைகுலுக்குவதே நின்றுபோகிறது. இங்கே கீரிப்பாறையில் டிவியில் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டுக்காரி, "அவ வந்தா பிள்ளையத் தொட விடாதீங்க" என்கிறாள். அம்மாச்சி சொல்லும் பதில்: "அவ எனக்க மவளாக்கும். வந்தா நான்தான் முதல்ல தொடுவேன்." அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

பையன் போனுக்கு வராமல் அடுக்களையில் ஒளிந்துகொள்வதும் அப்படியே உண்மை. அக்கா வெளியூரில் இருந்த காலத்தில் அவள் மகள் திருவட்டாறில் என்னிடம்தான் வளர்ந்தாள். அம்மா போன் என்றால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். எல்லாரும் கோபம் என்றார்கள். கோபம் இல்லை. போனை வைத்த பிறகு வரும் அழுகைக்குப் பயந்தாள். இதை எழுத, ஒன்று அனுபவித்திருக்க வேண்டும், இல்லை அனுபவித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவர் கடைசி அத்தியாயத்தை ஏன் இப்படி எழுதினார் என்றுதான் எனக்கு ஆற்றாமை. திரும்பி வந்த அம்மா மகன் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். மறுநாளே ராஜினாமா எழுதுகிறாள். எதற்கு மன்னிப்பு? நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போன அப்பா இல்லாத தெரு எங்கே இருக்கிறது? வருஷக்கணக்கில் சவூதியில் இருந்துவிட்டு அப்பா வந்தால் பெட்டியைத் திறப்பார், சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் எடுப்பார், வீடே கொண்டாடும். அவர் பிள்ளையின் காலில் விழுவதாக யாரும் கதை எழுதுவதில்லை. அவள் சம்பளத்தில்தான் அந்தப் பையன் படித்தான், அம்மாச்சிக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, நாவலே சொல்கிறது.

இன்னொன்று. 2008-லிருந்து மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளை வளர்ப்புக்காக மொத்தம் 730 நாள் விடுப்பு உண்டு. கேட்டவுடன் கிடைக்காது, மேலதிகாரி அனுமதிக்க வேண்டும். ஆனால் கேட்கலாம். என் அக்கா தன் மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் அதை எடுத்து வந்து கூடவே இருந்தாள். நாயகி ராஜினாமாவுக்கு முன் இதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆசிரியர் அவளுக்கு அந்த ஒரு வழியையாவது காட்டியிருக்கலாம்.

எழுத்து பொடி, கண்ணாடி இல்லாமல் முடியாது. கட்டு உறுதியாக இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பெண்களும், அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாச்சிகளும் சித்திகளும் வாங்கிப் படியுங்கள். இரண்டாம் பதிப்பு வந்தால் ஆசிரியர் அந்தப் பெண்ணை விடுப்பு முடித்து மறுபடி டியூட்டிக்கு அனுப்ப வேண்டும்.