சுங்கை சிப்புட் முடிவுப் பகுப்பாய்வு வகுப்பு: லோரிக் கணக்குக்காகவே போகலாம்

என்ன நடக்கும் என்று உறுதியாகத் தெரியாதபோது, வாய்ப்பையும் செலவையும் எண்ணால் எடைபோட்டு வழியைத் தேர்ந்தெடுப்பதே முடிவுப் பகுப்பாய்வு (decision analysis). தோட்ட நிர்வாகிகளுக்கும் கூட்டுறவுச் சங்கக் குழுவினருக்கும் தமிழிலேயே நடத்தப்படும் இரண்டு நாள் வகுப்பு இது. முதல் நாள் அருமை. இரண்டாம் நாளில் திருத்த வேண்டியது நிறைய.

முதல் நாளின் உயிர் ஒரே கணக்குதான். செம்பனைக் குலை ஏற்றும் பழைய லோரியைப் பழுது பார்ப்பதா, ஓராண்டுக்கு வாடகை லோரி எடுப்பதா? பழுதுச் செலவு 18,000 ரிங்கிட். கியர்பாக்ஸ் மறுபடி போக 40 விழுக்காடு வாய்ப்பு. போனால் இன்னும் 30,000. (குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். அந்த நட்டமும் இதில் அடக்கம்.) வாடகை 28,000. நாம் எடுக்கும் முடிவுக்குச் சதுரம், நம் கையில் இல்லாததற்கு வட்டம் என்று கிளை பிரித்து வரைந்து, வலக்கோடியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள்: 18,000 + 0.4 × 30,000 = 30,000. வாடகையே 2,000 மலிவு.

பலர் இத்தோடு பலகையை அழித்துவிடுவார்கள். இங்கே அடுத்த கேள்வி வருகிறது: அந்த 40 எவ்வளவு இறங்கினால் முடிவு மாறும்? 33-க்குக் கீழே போனால் பழுது பார்ப்பதே லாபம். சரி, கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க மெக்கானிக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்? முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தால் சராசரிச் செலவு 0.6 × 18,000 + 0.4 × 28,000 = 22,000. வாடகையின் 28,000-ஐ விட இது 6,000 குறைவு. ஆகவே 6,000-க்கு மேல் எந்தச் சோதனைக்கும் கொடுக்கக் கூடாது. மெக்கானிக்கின் கணிப்பும் தவறலாம் என்பதால் நியாயமான தொகை அதற்கும் குறைவு.

இரண்டாம் நாள், வாய்ப்பு விழுக்காட்டைச் சபையில் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். மேனேஜர் "20" என்றால் கிராணியும் (எழுத்தர்) மண்டோரும் (வேலை மேற்பார்வையாளர்) 20-ஐச் சுற்றியே நிற்பார்கள். லோரியின் சத்தத்தைத் தினமும் கேட்பவரோ மண்டோர். துண்டுச்சீட்டில் தனித்தனியே எழுதி வாங்கி, அதிகம் விலகிய எண்ணுக்குக் காரணம் கேட்பதே முறை. "பெரும்பாலும் போகாது" என்பதையும் ஏற்கக் கூடாது. ஒருவருக்கு அது 60, இன்னொருவருக்கு 90.

நல்ல முடிவு வேறு, நல்ல விளைவு வேறு என்பதை, இத்துறைக்குப் பெயர் வைத்த ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ரொனால்ட் ஹோவர்ட் விடாமல் வலியுறுத்தினார். வகுப்பில் இதற்குக் கிடைத்தது ஒரே வரி. தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-ல் தொடங்கிய துன் சம்பந்தனின் தொகுதியாக இருந்த சுங்கை சிப்புட்டில் இது போதாது. ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் விளைவை வைத்தே பொருளாளரைக் குடைவார்கள். முடிவெடுத்த அன்றே மாற்று வழிகள், விழுக்காடு, செலவு மூன்றையும் மினிட் புத்தகத்தில் ஏற்றினால்தான் அவருக்குப் பாதுகாப்பு. அதற்கான மாதிரித் தாள் தரப்படவில்லை.

எக்செல் பயிற்சியைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. ஒரே சங்கத்திலிருந்து இருவராவது போங்கள், நிலுவையில் உள்ள உங்கள் சொந்தக் கணக்கையே கையோடு கொண்டுபோங்கள்.