சீட்டை இறக்கினால் சைஸ் சரியாகாது: 34,000 ரூபாய் கொடுத்து நான் கற்ற பாடம்

சைக்கிள் வாங்கிய கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போடப்போவதில்லை. சேலத்துக்குள்தான் இருக்கிறது. என்னிடம் பேசிய பேச்சை நாளைக்கு உங்களிடமும் பேசுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் உயரம் 163 செ.மீ., அதாவது ஐந்தடி நாலு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் அடிவாரத்தில் இருந்து பழைய கியர் சைக்கிளில் ஏற்காடு ஏறுவது வழக்கம். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேலே போய், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்து மண்பாதையில் (சொல்லிவிட்டுத்தான்) இறங்கினால், சில்வர் ஓக் வேர்களும் கல்லும் சேர்ந்து தோள்பட்டை வரை உதறும். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி (ஃபுல் சஸ்பென்ஷன் என்பார்கள்) வாங்கினால் இது தீரும் என்று நினைத்தேன். ஆசைப்பட்டது தப்பில்லை, அவசரப்பட்டதுதான் தப்பு.

கடையில் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி ஒன்றே ஒன்றுதான் நின்றது. "என்ன சைஸ் அண்ணா?" என்றேன். "29 தம்பி, இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க." 29 என்பது சக்கரத்தின் அளவு, ஃப்ரேம் அளவு அது இல்லை. எனக்கு அன்றைக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். ஏறி உட்கார்ந்தால் கால் நுனிகூட ஒழுங்காகத் தரையில் படவில்லை. சீட்டை இறக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்ஷாக்குக்கு இடம்விட சீட் குழாயைப் பாதியில் முடித்திருப்பார்கள் அல்லது வளைத்திருப்பார்கள், சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் முழுசாக உள்ளே போகாது. உடனே உள்ளே போய் ரம்பத்தை எடுத்து வந்து போஸ்ட்டின் அடியில் நாலு அங்குலம் அறுத்து எறிந்துவிட்டார். "இப்ப பாருங்க, கால் எட்டுதா?" எட்டியது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

அந்த ரம்பம்தான் என் வாயையும் அடைத்தது, அது அப்புறம்தான் புரிந்தது.

முதல் ஞாயிறே தெரிந்துவிட்டது. ஹேண்டில்பார் எங்கோ தூரத்தில் இருந்தது, இறக்கத்தில் எழுந்து நின்றால் கை இரண்டும் விறைத்து நீண்டு, உடம்பின் பாரம் பின்னால் போய், முன்சக்கரம் வளைவில் பிடிமானம் இல்லாமல் நழுவியது. சரிவில் சட்டென்று நிறுத்திக் காலை ஊன்றினேன், மேல்குழாய் வந்து இடித்தது. எங்கே என்று ஆண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து சேற்றைக் கழுவும்போது, சீட் குழாயில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் 'எல்' என்ற எழுத்து, அதாவது லார்ஜ், பெரிய ஃப்ரேம்.

சீட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் மாறாத ஓர் அளவு இருக்கிறது, அதற்கு 'ரீச்' என்று பெயர். பெடல்கள் இரண்டும் சேர்ந்து சுற்றுகிற நடு அச்சில் இருந்து நேர்மேலே ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கும், ஹேண்டில் திரும்புகிற முன்குழாயின் மேல் முனைக்கும் நடுவே உள்ள கிடைத்தூரம்தான் ரீச். மலை இறக்கத்தில் சீட்டில் உட்காரவே மாட்டோம், பெடல் மேல் நின்றுதான் ஓட்டுவோம், ஆகவே வண்டி நமக்குப் பொருந்துமா என்பதை முடிவு செய்வது இந்த மில்லிமீட்டர் கணக்குதான். எஸ், எம், எல் எழுத்துகளை மட்டும் நம்பவும் முடியாது, ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொன்றின் 'எல்' அளவுக்கு இருக்கும். கடைக்குப் போகும் முன்னால் அந்த மாடலின் அளவு அட்டவணையைக் கம்பெனியின் தளத்தில் பாருங்கள். அட்டவணையே இல்லாத வண்டியா, திரும்பி வந்துவிடுங்கள். கடையில் ஷூவோடு வண்டியைக் கால்களுக்கு நடுவே வைத்து நின்று பாருங்கள், மேல்குழாய்க்கும் உங்களுக்கும் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

ஷாக் கதை தனி. பின்னால் இருந்தது வெறும் சுருள் கம்பி, மீண்டு வரும் வேகத்தை அடக்க உள்ளே எண்ணெய்த் தடுப்பு எதுவும் இல்லை. கல்லில் ஏறி இறங்கினால் கழுதை மாதிரிப் பின்னால் உதைக்கும். நல்ல ஷாக்கில் நாம் ஏறி நின்றாலே அதன் மொத்த ஓட்டத்தில் (அமுங்கக்கூடிய முழுத் தூரம்) கால்பங்கில் இருந்து முப்பது சதவீதம் வரை அமுங்க வேண்டும், 50 மி.மீ. ஓட்டம் என்றால் 12 முதல் 15 மி.மீ. என் எடைக்கு இது ஐந்துகூட அமுங்கவில்லை. மளிகைக் கடைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன், வண்டி 18 கிலோ! அந்தக் காசுக்கு முன்ஷாக் மட்டும் உள்ள நல்ல வண்டியே கிடைத்திருக்கும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "சீட் போஸ்ட்ட அறுத்தாச்சே தம்பி, இனி யார் வாங்குவாங்க?" அறுத்தது யார் அண்ணா என்றேன். "நீங்க ஓகே சொன்னீங்கல்ல." பில்லைக் காட்டினேன், அதில் 'சைக்கிள் 1' என்று மட்டும் இருந்தது, மாடலும் இல்லை, சைஸும் இல்லை, எதை வைத்துச் சண்டை போடுவது? கடைசியில் 15,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகப் பெரிய மனசு பண்ணினார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை, அதனால் ஸ்டிக்கர் உரிந்த போட்டோவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வண்டி மொட்டை மாடியில் நிற்கிறது. பக்கத்துத் தெருவில் ஆறடிப் பையன் ஒருவன் விலை கேட்டான். போஸ்ட் அறுத்ததைச் சொன்னேன், அப்புறம் வரவில்லை.