வரிக் கழிவுகளுக்கு ஒரு கூகுள் ஷீட்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மட்டக்களப்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் எனக்கு வேலை. சம்பளத்தோடு கல்லடியில் ஒரு வீட்டு வாடகையும் வங்கியில் போட்ட நிலையான வைப்பின் வட்டியும் வருகின்றன. இவற்றின் வரிக்கணக்கை சில வருடங்களாக போனிலேயே, ஒரு கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறேன்.

இலங்கையில் வருமான வரி விபரத்திரட்டை (வருட வருமானத்தைக் காட்டிக் கொடுக்கும் படிவத்தை) நவம்பர் 30க்குள் கொடுக்கலாம் என்பதால் பலர் அதுவரை ஆறப்போடுகிறார்கள். ஆனால் மீதி வரியைக் கட்டக் கடைசி நாள் செப்ரெம்பர் 30. அதற்குப் பிறகு கணக்குப் பார்த்தால் வட்டியும் சேர்ந்துவிடும். மதிப்பீட்டாண்டு, அதாவது வரி கணக்கிடும் ஆண்டு, மார்ச் 31இல் முடிகிறது. ஜூனுக்குள் கணக்கு கையில் இருந்தால் காசு புரட்ட நேரம் கிடைக்கும்.

ஷீட்டில் நான் மிகவும் மதிப்பது இரண்டு தனித்தனிப் பக்கங்களை. ஒன்றில் வருமானத்திலிருந்து கழிபவை, மற்றதில் வரியிலிருந்தே கழிபவை. இரண்டையும் கலந்து எழுதினால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். 2025/26இல் ஒருவருக்கு மொத்த வருமானம் 25 இலட்சம் என்று வையுங்கள். தனிநபர் நிவாரணம் (வரி இல்லாத பகுதி) 18 இலட்சம் போக மிஞ்சும் 7 இலட்சத்துக்கு 6 வீதப்படி வரி 42,000 ரூபாய். கூரையில் சோலார் பூட்ட எடுத்த வங்கிக் கடனுக்கு அந்த வருடம் 3 இலட்சம் கட்டியிருந்தால், அது வருமானத்தில் கழிந்து, வரியில் 18,000 ரூபாய் குறையும். (சோலாருக்கு வருடத்துக்கு 6 இலட்சம் வரைதான்.) அவருடைய வைப்பு வட்டி 1,80,000 என்றால் வங்கி அதில் 10 வீதம் பிடித்திருக்கும். அந்த 18,000 ரூபாயும் அப்படியே வரியில் கழியும். 3 இலட்சம் செலவுக்குக் கிடைக்கும் அதே பலன், வங்கி ஏற்கனவே பிடித்த காசிலேயே இருக்கிறது. அதனால் வட்டி விழும் ஒவ்வொரு முறையும் முதலில் இந்தப் பக்கத்தில்தான் பதிகிறேன். வேலைத்தலத்தில் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கும் வரியான ஏ.பி.ஐ.ரி. தொகையும் இங்கேதான் வரும். வருட முடிவில், பிடித்த வரியைக் காட்டி வேலைத்தலம் தரும் ரி-10 சான்றிதழ் கிடைத்ததும் மாதப் பதிவுகளோடு ஒத்துப் பார்ப்பேன்.

வாடகைப் பகுதி சுலபம். வாடகையில் 25 வீதத்தைக் கழித்துவிடலாம், திருத்த வேலைக்கென்று தனியாகக் கழிக்க முடியாது. அதனால் மேசனின் பில் இந்த ஷீட்டுக்குத் தேவையில்லை. நன்கொடைக்கு உச்சம் 75,000 ரூபாய் அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று, இதில் எது குறைவோ அது. வாங்கும் இடம் அங்கீகரிக்கப்பட்ட அறநிலையமா என்றும் பார்க்க வேண்டும். திருவிழாவுக்குக் கொடுத்த காசு, ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் மனநிறைவோடு கொடுப்போம், சரி. அதற்காக எல்லாவற்றையும் கழிவாகப் போட முடியாது.

மெசினில் அடித்துத் தரும் ரசீதுகள் நம்ம ஊர் வெயிலில் சில மாதங்களில் வெளிறி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, திகதியைப் பெயராகப் போட்டு டிரைவில் ஏற்றி, அந்த இணைப்பை வரிசையின் கடைசிக் கட்டத்தில் ஒட்டுகிறேன். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் ஷீட் இருந்தும் பயனில்லை.

குறைகளும் உண்டு. சின்னத் திரையில் எண்களைத் தட்டுவது கண்ணுக்கு வேலை. அப்புறம், வீதங்கள் மாறும்போது சூத்திரங்களை நாமே திருத்த வேண்டும். 2025 ஏப்ரலில் நிவாரணம் 12 இலட்சத்திலிருந்து 18 ஆனது, 6 வீத வரி விழும் வருமானப் படி 5 இலட்சத்திலிருந்து 10 இலட்சமாக விரிந்தது, 12 வீதப் படி இல்லாமலே போனது, வட்டியில் பிடிப்பது 5 வீதத்திலிருந்து 10 ஆனது. வீதங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் வைத்து மற்றக் கட்டங்களை அதோடு இணைத்திருந்ததால், அந்த ஒரு பக்கத்தைத் திருத்தியதோடு வேலை முடிந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே இப்படிச் செய்யுங்கள்.

வீட்டில் ஓய்வுபெற்ற அம்மா அப்பா இருந்தால் அவர்களுடைய வைப்புக்கும் ஒரு பக்கம் திறந்து வையுங்கள். அவர்களின் வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், வங்கியில் சுயபிரகடனம் (வருமானம் அதைத் தாண்டாது என்று தாமே எழுதிக் கொடுப்பது) கொடுத்து வட்டியில் வரி பிடிக்காமலே தடுக்கலாம். அதை ஒவ்வொரு மதிப்பீட்டாண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதால், என் ஷீட்டில் ஏப்ரல் மாதத்தின் முதல் வரிசை அதற்குத்தான்.